கயிற்றுக்கு அப்பால் ஒரு கோச்

கால்பந்து ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர் என்று விதி எழுதியவர்கள் பிள்ளை குட்டி இல்லாதவர்களாக இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் பன்னிரண்டாவது ஆளைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பார்கள். அவர் பந்தைத் தொடமாட்டார். ஓடமாட்டார், ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் ஆட்டம் முழுவதையும் ஆடுவது அவர்தான். கோட்டுக்கு வெளியே நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, தான் பெற்ற பிள்ளையின் கால்களைத் தன் தொண்டையால் இயக்கிக்கொண்டிருக்கும் இந்த இனத்துக்குக் கோட்டோரத் தந்தை என்று பெயர் வைப்போம்.

பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூட மைதானத்துக்கு கோச் வருமுன்பே வந்துவிடுவார். கையில் மடக்கு நாற்காலி இருக்கும். அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்காருவது அவருடைய பை. அந்தப் பைக்குள் வலி மருந்து, மாற்று சாக்ஸ், மாற்று ஷூ லேஸ், குளுக்கோஸ், குடை, இவற்றையெல்லாம் ஒருநாளும் கேட்டிராத ஒரு மகனுக்காக அவர் சுமந்துவந்த இன்னும் பல. பக்கத்தில் நிற்கும் இன்னொரு தகப்பனிடம், "அது உங்க பையனா? நல்லா ஓடறான்..." என்று ஆரம்பித்து, "ஆனா..." என்று இழுத்து, அந்த 'ஆனா'வில் அந்த மனிதரின் ஒரு மாலைப்பொழுதைத் தொங்கவிட்டுவிட்டுப் போவார்.

தன்மைப் பன்மையின் மேல் அவருக்கு அலாதிப் பிரியம். "இந்த வருஷம் நாங்க ஃபார்வர்ட்." "நேத்து நாங்க சரியாத் தூங்கல." கோல் விழுந்தால் 'நாங்க' போட்டது. பந்து வெளியே போனால் மட்டும் 'இவன்' உதைத்தது.

அப்புறம் அந்த முழங்கால். கோட்டோரத் தந்தைகளில் முழங்கால் கதை இல்லாதவர் கிடையாது. "இந்த முழங்கால் மட்டும் அன்னிக்கு ஒழுங்கா இருந்திருந்தா..." என்று சொல்லிவிட்டு, பாதியில் நிறுத்தி, தூரத்தில் எதையோ பார்ப்பார். எதிரில் இருப்பவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ள வேண்டும்: அரங்கம், ஆரவாரம், தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் கூட்டம். இங்கே நாம் மாதிரிக்கு எடுத்துக்கொள்ளப்போகிறவரின் முழங்கால், அவர் மனைவி சொல்வதை நம்பினால், ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும்போது அடிபட்டது. நின்றுகொண்டிருந்த ஸ்கூட்டர்.

நம்முடைய ஆள் குழாய்க்கடைக்காரர். குழாய், வாஷ்பேசின், ஷவர், ஃப்ளஷ் தொட்டி என்று குளியலறைக்கு வேண்டிய சகலமும் அவரிடம் கிடைக்கும். வியாபாரம் மட்டும் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் கடையின் நீளமான கண்ணாடி மேசைமேல் எப்போதும் ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். பித்தளைக் குழாய்கள் பின்வரிசை. வளைந்த கழுத்துள்ள சமையலறைக் குழாய்கள் நடுவில். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தனியாக, பளபளவென்று, கடையிலேயே விலை அதிகமான ஷவர். அது மகன்.

"சார், ஒரு வாஷர் வேணும். வீட்டுல குழாய் ஒழுகிட்டே இருக்கு."

"ஒரு நிமிஷம் சார். இப்ப இந்த டிஃபென்ஸ் இப்படி ஏறி வருதுன்னு வச்சுக்குங்க. நம்ம பையன் என்ன செய்யணும்?"

"வாளி வச்சிட்டு வந்திருக்கேன் சார். இந்நேரம் நிரம்பியிருக்கும்."

"வெட்டணும் சார்! இந்தப் பக்கம் வெட்டி, அந்தப் பக்கம் திரும்பி, ஒரே அடி!"

ஷவர் மேசையின் விளிம்புவரை போய் கோல் போடும். வாளிக்காரர் வேறு கடை தேடிப் போவார்.

அந்த ஷவருக்கு, அதாவது மகனுக்கு, உயர்நிலைப் பள்ளியில் இது கடைசி வருஷம். போன வருஷமும் அணித் தேர்வுக்குப் போனான். "அடுத்த வருஷம் பாக்கலாம்ப்பா" என்று கோச் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். இனி அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. இந்தத் தடவை விட்டால் அந்தப் பள்ளியின் நீலச் சட்டையை அவன் மற்றவர்கள் முதுகில்தான் பார்க்க வேண்டும். இதைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. ஆனால் தேர்வு நெருங்க நெருங்க, சாப்பிடும்போது மேசைக்கடியில் அவன் கால் தானாக ஆடிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்தாள்.

போன வருஷம் ஏன் எடுக்கவில்லை? தகப்பனாரிடம் காரணங்கள் இருந்தன. வெயில் கண்ணில் அடித்தது. புல் ஈரம். கோச் ஒருதலைப்பட்சம். இந்தப் பட்டியலில் விடுபட்டுப்போனது ஒன்றுதான். மதிய இடைவேளையில், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் தரையில், ஓட்டைப் பந்தை வைத்துக்கொண்டு அதே பையன் ஆடும்போது வகுப்பே வேடிக்கை பார்க்க நிற்கும். யார் எங்கே நிற்கிறான் என்று முதுகிலும் கண் இருப்பதுபோல் பார்த்து, பந்தைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பான். தகப்பன் குரல் எட்டாத இடத்தில் அவன் நன்றாக ஆடுவான் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே மனிதர் கடையில் ஷவரை நகர்த்திக்கொண்டிருந்தார்.

தேர்வு இரண்டு நாள் மாலையில். முதல் நாள் கோச் மைதானத்தின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கயிற்றைக் கட்டிவைத்திருந்தார். கோச் அதிகம் பேசாதவர். வாயில் விசில் இருப்பதால் பேசவில்லையா, பேசக்கூடாது என்பதற்காகவே விசிலை வாயில் வைத்திருக்கிறாரா என்பது பள்ளியில் யாருக்கும் தெரியாது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "பேரண்ட்ஸ் எல்லாரும் கயித்துக்கு அந்தப் பக்கம். நன்றி."

மற்றவர்கள் பின்னால் போனார்கள். குழாய்க்கடைக்காரர் கயிற்றில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கயிறு கட்டியது ஒன்றும் தெரியாத தகப்பன்களுக்காக என்பது அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. பாதி ஆட்டத்துக்குள் கயிறு வில்லாக வளைந்து, வெள்ளைக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. மகன் சிவப்புத் துணி கட்டிய பக்கம். எதிரே மஞ்சள் பக்கத்தில், அவனைத் தடுக்கவேண்டிய இடத்தில், பல்லுக்குக் கம்பி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் நின்றான். காற்றடித்தால் விழுந்துவிடுவான்போல் இருந்தான். தகப்பனாருக்குச் சிரிப்பு வந்தது.

"லெஃப்ட்டுடா! லெஃப்ட்ல வெட்டு!"

மகன் இடதுபுறம் வெட்டினான். கம்பிப்பல் அங்கே நின்றுகொண்டிருந்தான். பந்து அவன் காலில்.

"ரைட்ல ஏறு! ரைட்டு, ரைட்டு!"

மகன் வலதுபுறம் ஏறினான். கம்பிப்பல் அவனுக்கு முன்பே போய், விருந்தாளியை வரவேற்பதுபோல் காத்திருந்தான்.

"பாஸ் குடுக்காதே! நீயே அடி! அடிடா!"

அடித்தான். அடிக்கப்போகிறான் என்பது மஞ்சள் பக்கம் முழுவதற்கும் தெரிந்திருந்ததால், பந்து போன வழியில் மூன்று பேர் நின்றார்கள். பக்கத்தில் ஒரு சிவப்புத்துணிப் பையன் தனியாக, ஆளில்லாமல், இரண்டு கையையும் தூக்கிக் கூப்பிட்டுக்கொண்டே நின்று ஓய்ந்துபோனான்.

இப்படியே மாலை முழுவதும். கோச் ஒருமுறை கயிற்றுப் பக்கம் வந்து, "சார், கொஞ்சம்..." என்றார். "தேங்க்ஸ் சார், நீங்க உங்க வேலையப் பாருங்க, இவன நான் பாத்துக்கறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பிவைத்தார் நம் ஆள். கோச் விசிலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து பையன்கள் தண்ணீர் குடிக்கும்போது தகப்பனார் கம்பிப்பல்லைத் தேடிப் போனார். திறமையைக் கண்டால் மதிக்கத் தெரிந்தவர்; தவிர, அந்தத் திறமை எங்கே கிடைக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வதும் நல்லதல்லவா?

"தம்பி, நல்லா ஆடறே. எங்க கோச்சிங் போறே?"

"எங்கயும் போகல அங்கிள்."

"சும்மா சொல்லுப்பா. எம் பையன் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னாடியே போய் நிக்கறியே! எப்படிப்பா? யார் சொல்லிக் குடுக்கறா?"

கம்பிப்பல் ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்தான். கேலி செய்கிறாரோ என்று சந்தேகம் போலிருக்கிறது. பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னான்:

"நீங்கதான் அங்கிள்."

"என்னது?"

"நீங்க லெஃப்ட்டுன்னா நான் லெஃப்ட்டுக்குப் போயிடுவேன். ரைட்டுன்னா ரைட்டு. ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். நாளைக்கும் வருவீங்கல்ல?"

இந்த இடத்தில் சாதாரண மனிதன் என்ன செய்வான்? காது சிவந்து, மடக்கு நாற்காலியை மடக்கி, வீட்டுக்குப் போய், மகனிடம் ஒரு வார்த்தை, அதிகம் வேண்டாம், ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மறுநாள் மாலை கடையிலேயே உட்கார்ந்து யாருக்காவது ஒரு வாஷர் விற்பான். கோட்டோரத் தந்தை சாதாரண மனிதன் இல்லை. அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"நம்ம பாஷை அவங்களுக்குப் புரியுது. அதான் பிரச்சனை" என்றார், அன்று சாப்பாட்டு மேசையில்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்க எழுத்தைக் காட்டி 'தெரியுதா, தெரியுதா' என்று கேட்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்தும் அதையே கேட்க அலுப்பாக இருக்கும்.

"என்னங்க சொல்றீங்க?"

"சங்கேதம்! இனிமே லெஃப்ட் கிடையாது, ரைட் கிடையாது. லெஃப்ட்டுக்கு வாஷ்பேசின். ரைட்டுக்கு ஷவர். கோல் அடிக்கணும்னா ஃப்ளஷ். எவனுக்குப் புரியும்? சொல்லு, எவனுக்குப் புரியும்?"

"பாஸுக்கு என்னப்பா?" என்றான் மகன். இவ்வளவு நேரத்தில் அவன் வாயைத் திறந்தது அதற்குத்தான்.

"பாஸ் எதுக்குடா? பந்து கிடைக்கறதே அபூர்வம். அதையும் தூக்கி அடுத்தவனுக்குக் குடுக்கறதா?"

கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருந்தது. மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "அப்பா, நாளைக்கு ஒருநாள் மட்டும் நீங்க வராம இருந்தா... எனக்கு இதுதாம்ப்பா கடைசி."

"கடைசிங்கறதாலதானேடா வரேன்! கடையப் பூட்டிட்டு வரேன். யாருக்காக? எனக்காகவா? இந்த முழங்கால் மட்டும் அன்னிக்கு..."

"ஸ்கூட்டர்" என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல்.

கால் ஆட்டம் நின்றது. மகன் நிமிர்ந்து தகப்பனை நன்றாக, முதல்முறையாகப் பார்ப்பதுபோல், பார்த்தான்.

"சரிப்பா" என்றான். "வாஷ்பேசின் லெஃப்ட். ஷவர் ரைட். ஃப்ளஷ்னா கோல். ஆனா சத்தமா சொல்லணும்ப்பா. இன்னிக்கு விட சத்தமா. எனக்குக் கேக்கணும்ல?"

வளர்ந்த பையன் ஒரே தடவையில் 'சரிப்பா' என்றால் எந்தத் தகப்பனுக்கும் அடிவயிற்றில் ஏதாவது கலங்க வேண்டும். இவருக்குக் கண் கலங்கியது. "எம் பையன்!" என்று முதுகில் தட்டினார். மனைவி மகனைப் பார்த்தாள். பார்வை பரிசோதிக்கிறவள். அவளுக்கு ஏதோ தெரிந்தது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டாம் நாள் கயிறு இன்னும் தள்ளிக் கட்டியிருந்தது. அதனால் என்ன? தொண்டை இருக்கிறதே. மனைவியும் வந்திருந்தாள், மடக்கு நாற்காலியிலிருந்து பையை இறக்கிவிட்டு, அதன் ஆயுளில் முதல்முறையாக அதில் ஒரு மனுஷி உட்கார்ந்தாள்.

"வாஷ்பேசின்!"

மைதானம் திரும்பிப் பார்த்தது. அக்கம்பக்கத்துத் தகப்பன்மார்களும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் மரியாதையாக நகர்ந்து நின்றார்கள்.

மகன் பந்தோடு அசையாமல் நின்றான். காது கேட்காதவன்போல் தலையைச் சாய்த்தான்.

"வாஷ்பேசின்டா! வாஷ்பேசின்! அதாண்டா, லெஃப்ட்டு!"

கொஞ்ச நேரம் கழித்து, "ஷவர்! ஷவர் பக்கம் திரும்பு! அட, ரைட்டுடா ரைட்டு!"

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "ஃப்ளஷ்! ஃப்ளஷ் பண்ணுடா! கோல் அடிடான்னா!"

உலகத்தில் எந்த ஒற்றனும் தன் சங்கேதத்தை இவ்வளவு விளக்கமாக, அருஞ்சொற்பொருளோடு, எதிரிக்குக் கற்றுக்கொடுத்திருக்கமாட்டான். மஞ்சள் பக்கத்துப் பையன்கள் கெட்டிக்காரர்கள். சீக்கிரமே மொழி பிடிபட்டுவிட்டது. கம்பிப்பல் கம்பியெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு தன் இடத்தில் தயாராக நின்றான்.

அதற்குத்தான் மகனும் காத்திருந்தான்.

"வாஷ்பேசின்!" என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. கம்பிப்பல் இடதுபுறம் பாய்ந்தான். மகன் வலதுபுறமாக, அவசரமே இல்லாமல், காலியான வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்து போனான். "ஷவர்!" மகன் இடதுபுறம். "ஃப்ளஷ்! ஃப்ளஷ்!" மஞ்சள் பக்கம் மொத்தமும் கோலை அடைக்க ஓடியது, மகன் பந்தைப் பக்கத்தில் மெல்லத் தட்டிவிட்டான். நேற்று கை தூக்கி ஓய்ந்துபோன அதே பையன், இன்றும் ஆளில்லாமல் நின்றவன், வந்த பந்தை நம்பமுடியாமல் பார்த்து, வலைக்குள் தள்ளினான்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" தகப்பனார் பக்கத்துத் தகப்பனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "நாங்க போட்ட பிளான்!"

மறுபடியும். மறுபடியும். அவர் ஒரு பக்கம் சொல்ல, எதிரணி அந்தப் பக்கம் ஓட, மகன் வேறு பக்கம் போக, எங்கிருந்தோ ஒரு பையன் கோல் போட. அன்று மாலை தகப்பனார் சொன்ன ஒரு சொல்லையும் மகன் கேட்கவில்லை. ஒன்றையும் வீணாக்கவும் இல்லை. கம்பிப்பல்லுக்கு விஷயம் புரிந்தது எல்லோருக்கும் கடைசியாகத்தான். சொன்னதற்கு எதிராகப் பாயலாம் என்று ஒருமுறை முடிவெடுத்துப் பாய்ந்தான்; அந்த ஒருமுறை பார்த்து மகன், தகப்பன் சொன்ன பக்கமே போய்விட்டான். கம்பிப்பல் நடு மைதானத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆட்டம் முடிந்தது. கோச் ஒரு கூடையில் நீலச் சட்டைகளோடு வந்தார். ஆளைக் கை காட்டுவார், சட்டையை வீசுவார், அவ்வளவுதான் அறிவிப்பு. கம்பிப்பல்லுக்கு ஒன்று பறந்தது. கை தூக்கி நின்ற பையனுக்கு ஒன்று. கூடை காலியாகிக்கொண்டே வந்தது. மகன் மூச்சுக்கூட விடாமல் நின்றான். தகப்பனாரும் அப்படித்தான்; அதுவரை அவர் வாயை மூடி அந்த மைதானம் கண்டதில்லை. கூடைக்குள் கை விட்டு, அடியில் துழாவி, கோச் மகனைப் பார்த்தார்.

"நடுக்களம்" என்றார். சட்டை வந்தது.

"நடுக்களமா? சார், இவன் ஃபார்வர்ட் சார்!"

"பாஸ் குடுக்கத் தெரிஞ்ச பையன் சார். ரொம்ப அபூர்வம்."

தகப்பனாருக்கு ஒரு கணம்தான் ஆயிற்று. "நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

கோச் விசிலைக் கழுத்திலிருந்தே கழற்றிவிட்டார். நீளமாகப் பேசப்போகிறார் என்று பொருள். "சார், ஒரு உதவி. நீங்க எல்லா மேட்சுக்கும் கண்டிப்பா வரணும். எதிர் டீமோட டிஃபென்ஸ் இருக்கற பக்கமாப் பாத்து நிக்கணும். இதே மாதிரி, இதே சத்தத்துல சொல்லணும். கயிறெல்லாம் கட்டமாட்டேன்."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மகன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். கம்பிப்பல்லுக்குத் திடீரென்று இருமல் வந்து, தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினான்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் தகப்பனார் ஆட்டத்தை முதலிலிருந்து விவரித்தார். மகன் பின்னிருக்கையில் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தான், அல்லது கண்ணை மூடியிருந்தான்.

"வாஷ்பேசின்னு நான் குடுத்தேன் பாரு ஒரு குரல், அங்கதான் மேட்சே திரும்பிச்சு."

"ஏங்க," என்றாள் மனைவி, கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரியைக் காட்டும் குரலில், "நீங்க வாஷ்பேசின்னு சொன்னப்ப அவன் எந்தப் பக்கம் போனான்?"

"லெஃப்ட்டுதான். வேற எங்க?..." கார் மெதுவாயிற்று. "லெஃப்ட்டு..." முன்னால் எங்கோ, சாலையில் இல்லாத ஒன்றை அவர் பார்த்தார். அந்த ஒரு கணம், முழங்காலைப் பற்றியெல்லாம் நினைக்காமல், அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது என்றே நினைக்கிறேன். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. கணம் போய்விட்டது.

"அது இங்கேருந்து பாத்தா ரைட்டு மாதிரிதான் தெரியும்," என்றார். "ஆட்டம் புரிஞ்சவங்களுக்குத்தான் அது லெஃப்ட்டுன்னு தெரியும்."

மறுநாள் கடையில் ஷவரை நடுக்களத்துக்கு நகர்த்திவைத்தார். வாளிக்காரர்கள் இன்னும் வேறு கடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் கால்பந்தும் தெரியாது, குழாய்க்கடையும் கிடையாது. அடுப்படி வாசலில் நின்று, உள்ளே வேலை செய்கிறவரிடம் உப்பு போட்டாச்சா என்று கேட்பதோடு சரி. காரோட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்துவதோடு சரி. அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்யும் திரைக்குப் பின்னால் குனிந்து, "அந்த வரிய மேல தூக்குங்களேன்" என்பதோடு சரி. கயிறு என்று எதையும் நீங்கள் பார்த்ததேயில்லை. வயிற்றில் ஏதோ அழுத்துகிறதே, அது பெல்ட்டாக இருக்கும்.

உங்கள் யோசனைப்படிதான் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது, இல்லையா? சந்தோஷம். ஆனால் இனி யாராவது உங்களிடம் ஒரே தடவையில் 'சரி' என்று சொல்லி, 'இன்னும் சத்தமா சொல்லுங்க, எனக்குக் கேக்கணும்ல' என்று ஆசையாக வேறு கேட்டால், தொண்டையைச் செருமிக்கொள்ளுமுன், அவர்கள் எந்தப் பக்கம் போகக் காலைத் தூக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.